கைகழுவும் தொட்டி கற்பித்த பாடம்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கியப் பொருளொன்றையே யாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணி இரண்டு மூன்று தலைப்புக்களைக் குறித்து வைத்தோம். ஆயின், எழுதுகோலை எடுத்த ஒவ்வொரு முறையும் எம் மனம் இலக்கியத்தின்பாற் செல்லாது, எம் வீட்டுக் குளியலறையில் உள்ள கைகழுவும் தொட்டி ஒன்றன்பாலே சென்றது. சிறப்பு மலரில் இடம்பெறத்தக்க பொருள்தானா இது என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்கள் பொறுமையோடு இறுதிவரை வாசிப்பாராயின், எம்மை மன்னிப்பர் என்னும் நம்பிக்கை எமக்குண்டு.

யாம் வத்தேகமவில் வாழ்கின்றோம். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அப்பாதையில் உள்ள வத்தேகம நிலையத்திலேதான், நக்கிள்ஸ் மலைச்சாரலின் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகளோடு யாமும் காலைப் புகையிரதம் ஏறிக் கல்லூரிக்குச் சென்றோம். எம் தாயார் பன்வில வீதியின் மேற்புறத்துத் தோட்டமொன்றிலே 32 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். யாம் பிறந்ததும் வளர்ந்ததும் லயத்துக் காம்பிராவிலேயே. அங்கே கைகழுவும் தொட்டியென்று ஒன்று இருந்ததில்லை. மலையிலிருந்து வரும் நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ வழிப்படுத்தி விழச்செய்த பீலியே, குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. மார்கழிப் பனியில், விடியுமுன், பீலிக்கரையிலே குனிந்து முகங்கழுவிவிட்டு மலையேறிய தலைமுறை எம் தாயாருடையது.

இங்கே தமிழாசிரியர்க்கு இயல்பான ஒரு சிறு விலகலைப் பொறுத்தருள்க. வண்டியில் மயிற்பீலியை அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்னுங் கருத்தமைந்த குறளை யாம் வகுப்பிலே கற்பிக்கும்போதெல்லாம், மலையகப் பிள்ளைகள் யாரேனும் ஒருவர் எழுந்து, "சேர், தண்ணிப் பீலிய எப்படி வண்டியில ஏத்துறது?" என்று கேட்பதுண்டு. சொல் ஒன்றே, வாழ்வு வேறு. அந்தக் குறளின் பொருளை யாம் எத்தனையோ ஆண்டுகள் பிறர்க்கு விளக்கினோம். அது எம் வீட்டிலேயே தலைகீழாக நிகழக் கண்டபோதுதான் அதனை யாம் உணர்ந்தோம்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலே பயிற்சி பெற்று, ஆசிரியப் பணியிற் சேர்ந்து, பல்லாண்டு சேமித்து, வத்தேகமவில் சரிவான துண்டுக் காணியொன்றிலே சிறு வீடொன்று கட்டினோம். தாயாரின் அறையை ஒட்டி, அவருக்கென்றே ஒரு குளியலறை வேண்டுமென்பது எம் நெடுநாளைய எண்ணம். இரவிலே முற்றத்தைக் கடந்து செல்லும் வயது அவருக்குக் கழிந்துவிட்டது. ஆனால் அது 2022 ஆம் ஆண்டு. பொருளாதார நெருக்கடியினாற் சீமெந்தும் இரும்புக் கம்பியும் நினைக்கவும் அஞ்சத்தக்க விலைக்கு ஏறியிருந்தன. மேலும், அப்பக்கத்துத் தளம் சரிவின்மேல் தூண்களாலே தாங்கப்பட்டது. கீழே வளையின்றி அதன் நடுவிற் செங்கற் சுவர் எழுப்புதல் நன்றன்று என மேசன் பாஸ் கூறினார். ஆதலின் பெரிய அறையொன்றை மரச்சட்டத் தடுப்பினால் இரண்டாகப் பிரித்தோம்.

இத்தகைய சுவரின் அமைப்பை மாணவர்க்காகச் சிறிது விளக்குதல் வேண்டும். தரையிலிருந்து கூரை வரை இரண்டு அடிக்கு ஒன்றாக நெடுஞ்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் இருபுறமும் தகடுகளைத் திருகாணியால் இறுக்குவர். எங்கள் வீட்டில் அவை 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்ச்சீமெந்துத் தகடுகள். இடையிலுள்ளது வெறும் வெளி. நம் முன்னோர் கட்டிய வரிச்சுச் சுவருக்கும் இதற்கும் உறவுண்டு. ஆயின் வரிச்சுச் சுவரில் மரங்களின் இடைவெளியை மண் நிறைத்திருந்தது. இச்சுவரிலோ வெறுமையே நிறைந்திருக்கிறது. குளியலறைப் பக்கத்திலே நான்கடி உயரத்துக்கு வெள்ளை மாபிள் ஓடு பதித்தோம். பார்ப்பவர் எவரும் அதனைக் கற்சுவரென்றே கொள்வர். நாளடைவில் யாமும் அவ்வாறே கொள்ளத் தொடங்கினோம். அங்கேதான் பிழை புகுந்தது.

2023 தை மாதத்திலே பால் காய்ச்சும் நாள் குறித்தாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்னர்த்தான் தொட்டியைப் பொருத்த ஒருவர் வந்தார். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "தொட்டி வாற இடத்துக்குப் பின்னால மரம் இல்லை. பின்பக்கத்துத் தகட்டை வெட்டித் திறந்து குறுக்கே ஒரு மரம் வைக்கலாமா?" என்று கேட்டார். தாயாரின் அறைப்பக்கச் சுவருக்கு முதல்நாள்தான் வர்ணம் பூசி முடித்திருந்தது. நல்ல நாள் நெருங்கியிருந்தது. கையிருப்பும் குறைந்திருந்தது. "வேண்டாம், இருக்கிறபடியே பூட்டுங்கள்" என்றோம். அவர் மறுமுறை கேட்கவில்லை. தகட்டிலே துளையிட்டு, ரோல்பிளக்குகளைச் செருகி, தாங்கி இரண்டையும் திருகாணியால் முடுக்கி, தொட்டியை அமர்த்திவிட்டுச் சென்றார். இப்பிழையில் அவருக்குப் பங்கில்லை. அறிந்தவன் சொன்னதை அறியாதவன் தள்ளிய பிழை இது. அதனை யாம் இம்மலரிலே எழுத்தில் ஒப்புக்கொள்கின்றோம்.

அந்த ரோல்பிளக்கு என்னும் சிறு பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலண்டன் பிரித்தானிய நூதனசாலையின் சுவர்களைச் சிதைக்காமல் மின் சாதனங்களைப் பொருத்தவேண்டிய தேவையினின்றும், ரோலிங்ஸ் என்ற ஆங்கிலக் கட்டட வேலையாளர் அதனைக் கண்டறிந்தார். முதலில் அது சணல் நாரினாற் செய்யப்பட்டது. 1958 இல் ஜேர்மனியரான ஆர்தர் பிஷர் நைலோனாற் செய்து அதனைத் திருத்தினார். திருகாணி உட்செல்லச் செல்ல அது விரிந்து, துளையின் சுற்றுச்சுவரை நெருக்கிப் பற்றிக்கொள்ளும். அஃது பற்றுவதற்குச் சுற்றிலும் திண்ணிய கல் வேண்டும். 12 மில்லிமீற்றர்த் தகட்டிலே அது எதனைப் பற்றும்? விரலளவு தடிப்பைக்கூடப் பற்றாது, அப்பாலுள்ள வெறுவெளியிலே அது விரிந்து கிடக்கும். வெற்றுத் தகடுகளுக்கென்றே, பின்புறத்திற் சிறகு விரிக்கும் வேறு வகை ஆணிகள் கடைகளில் உண்டு. அவை கண்ணாடிக்கும் சிறு தட்டுக்கும் போதுமேயன்றி, மனிதர் கையூன்றும் தொட்டிக்குப் போதா.

ஒன்பது மாதம் அத்தொட்டி நின்றது. நின்றது என்பதே எம்மை ஏமாற்றியது. எம் தாயார்க்கு அது வெறுந்தொட்டி அன்று. விடியற்காலையில் எழுந்து, அதன் விளிம்பிலே இரு கைகளையும் ஊன்றி நின்று, முகங்கழுவி, அங்கேயே கிழக்கு நோக்கிக் கும்பிட்டுவிட்டு வருவார். குனியாமல் முகங்கழுவுவது தம் வாழ்நாளிலேயே இப்போதுதான் என்று அயலாரிடம் சொல்லி மகிழ்வார். முழங்கால் வலியுள்ளவர் ஆதலின், நாள்தோறும் தம் உடற்பாரத்தின் ஒரு பகுதியை அவ்விளிம்பிலே வைத்துப் பழகிவிட்டார். தொட்டியும் நாள்தோறும் ஒரு மயிரிழை சாய்ந்துகொண்டே வந்திருத்தல் வேண்டும். சுவருக்கும் தொட்டிக்கும் இடையே கறுத்த கோடொன்று தோன்றியதை யாம் கண்டோம். அழுக்கென்று எண்ணித் துடைத்தோம்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள், பொழுது புலராத வேளையிலே, பெருஞ்சத்தமொன்று கேட்டு விழித்தோம். ஓடிச் சென்று பார்த்தபோது, தொட்டி குழாயொன்றிலே தொங்கிக்கொண்டிருந்தது. நீர் கூரை வரை பீறிட்டது. எம் தாயார் ஈரத்தரையிலே வீழ்ந்து கிடந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது. யாம் அவரைத் தூக்கியபோது அவர் கூறிய சொற்களை இன்றளவும் எம்மால் மறக்க இயலவில்லை. "நாந்தான் தம்பி, கொஞ்சம் பாரமா சாஞ்சுட்டேன்" என்றார்.

பாரமாகச் சாய்ந்தாராம்! கொழுந்து நிறைந்த கூடையை நெற்றியிலே கயிறிட்டுச் சுமந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறி இறங்கிய அவ்வுடம்பு இன்று 45 கிலோவும் இராது. மயிற்பீலி மிகுந்ததனால் அச்சு முறியவில்லை. அச்சே இல்லாத வண்டியில் யாம் எம் அன்னையை ஏற்றினோம். குறள் எமக்குத் தலைகீழாக விளங்கியது என்று முன்னர்க் கூறியது இதனையே.

ஆறு கிழமைகள் கையிற் சாந்துக்கட்டோடு இருந்தார். எலும்பு கூடியது, அச்சம் நீங்கவில்லை. குளியலறை வாயில்வரை வருவார். நிலையைப் பற்றிக்கொண்டு நிற்பார். பின் திரும்பிச் சென்று, பின்புறத்து வாளியிலே நீர் மொண்டு, பழையபடி குனிந்து முகங்கழுவுவார். குனிந்து எழும்போது ஒவ்வொரு முறையும் அவர் எழுப்பும் மெல்லிய முனகலை யாம் எம் அறையிலிருந்து கேட்போம். மகன் கட்டிய வீட்டிலே ஒரு தாய் எதனையும் நம்பிக் கை வைக்க அஞ்சி வாழ்வதென்பது எத்துணைக் கொடியது! தொட்டியை மறுபடி பொருத்துவதொன்றே எம் கவலையன்று. அவ்வச்சத்தை எவ்வாறு நீக்குவதென்பதே எம் கவலையாயிற்று.

அந்நிலையிலேதான் எம் பழைய நண்பர் ஒருவரின் நினைவு வந்தது. கல்லூரியிலே ஆறாம் வகுப்பு முதல் எம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தித் தச்சு வேலைக்குச் சென்றவர். வத்தேகமவிலேயே, எம் வீட்டிலிருந்து ஒரு மைலுக்குள்ளே அவர் பட்டறை உள்ளது. வீடு கட்டியபோது அவரை யாம் ஏன் அழைக்கவில்லை? கூடப்படித்தவரோடு கூலி பேசுதல் எவ்வாறு என்ற கூச்சம் ஒன்று. உண்மையைச் சொல்வதாயின், தெருவிற் காணும்போது தலையசைப்பதோடு நின்ற உறவு அது. படித்தவர், படியாதவர் என்னும் கோடு எம்மனத்திலும் எம்மை அறியாமலே விழுந்திருந்தது. தொட்டிக்கும் சுவருக்கும் இடையே தோன்றிய கறுத்த கோட்டைப் போன்றதே அதுவும்.

அழைத்தவுடன் வந்தார். "சேர், எங்க இடம்?" என்றார். ஒரே வாங்கில் இருந்தவர் எம்மைச் 'சேர்' என்றழைத்தது எம் செவியைச் சுட்டது. அவர் வேறொன்றும் பேசாது, சுட்டுவிரலை மடக்கிச் சுவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம்வரை தட்டிக்கொண்டே சென்றார். மத்தளத்தின் இரு கண்களையும் தட்டிப் பார்ப்பவன்போல இருந்தது அது. வெறுமை உள்ள இடத்தில் ஒலி பரந்து கேட்டது. மரம் உள்ள இடத்தில் அது அடங்கிக் கேட்டது. பின், பழைய வானொலிப் பெட்டியிலிருந்து எடுத்த காந்தமொன்றைச் சுவரின்மேல் நகர்த்தினார். தகட்டை இறுக்கிய திருகாணித் தலைகள் உள்ள இடத்தில் அது ஒட்டிக்கொண்டது. அத்தலைகள் மேலும் கீழுமாக ஒரே நேர்கோட்டில் அமைந்த இடமே நெடுஞ்சட்டம் நிற்குமிடம். பென்சிலால் இரு கோடுகள் கீறிவிட்டுச் சொன்னார்: "தொட்டி ரெண்டுக்கும் நடுவுல, ஆகாயத்துல தொங்கியிருக்கு."

அதன் காரணத்தையும் அவரே விளக்கினார். தொட்டியின் சொந்தப் பாரம் பெரிதன்று. அது சுமார் 12 கிலோ. ஊன்றுபவரின் பாரமே கருதத்தக்கது. அதுவும் சுவரிலிருந்து விலகிய முன்விளிம்பில் ஊன்றும்போது, தொட்டி ஒரு நெம்புகோலாகிவிடும். விளிம்பு சுவரிலிருந்து 45 சென்ரிமீற்றர் தள்ளியிருக்க, மேலாணி தொட்டியின் கீழ் அண்டையிலிருந்து 15 சென்ரிமீற்றர் மேலே இருப்பின், விளிம்பில் வைத்த 40 கிலோ பாரம், மேலாணிகளை 120 கிலோவுக்குச் சமமான வலிமையோடு சுவரினின்றும் வெளியே இழுக்கும். ஆதலால் ஆணி கீழ்நோக்கி ஒடிவதில்லை, முன்னோக்கிப் பிடுங்கப்படுகிறது. ஐரோப்பிய நாடுகளின் நியமம், சுவரிலே தொங்கும் தொட்டி ஏறத்தாழ 150 கிலோ பாரத்தைத் தாங்கிக் காட்டவேண்டும் என்று விதிப்பது இதனாலேயே. நியமம் தொட்டிக்கு உண்டு. எம் சுவருக்கு யார் நியமம் விதித்தார்?

அவர் வேலையைச் செய்த முறையை, வீடு கட்டும் பழைய மாணவர்க்குப் பயன்படுமாறு ஒழுங்காகக் கூறுகின்றோம். முதலில் நீரை அடைத்தார். சுவரினுள்ளே மின்கம்பியும் குழாயும் எவ்வழிச் செல்கின்றன என்று கேட்டறிந்து, அப்பகுதியின் மின்னிணைப்பையும் துண்டித்தார். பின்னர்க் குளியலறைப் பக்கத்து மாபிளைத் தொடாமல், தாயாரின் அறைப்பக்கத்துத் தகட்டையே வெட்டித் திறந்தார். நீர்படும் பக்கத்தைச் சிதைத்தால் பின்னர் ஈரம் புகும் என்பது அவர் கூறிய காரணம். தகட்டிலே நீரைத் தெளித்துத் தெளித்து, கைவாளால் மெல்ல அறுத்தார். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். பழைய தகடுகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். அத்தூசு நுரையீரலிற் புற்றுநோயை விளைக்கும். ஐயமுள்ள தகட்டைத் தாமாக வெட்டாது விடுதலே நன்று.

திறந்தபோது உள்ளே இருந்தவை மெல்லிய அல்பீசியாச் சட்டங்கள். திருகாணிகளுள் ஒன்றேனும் அவற்றைத் தொட்டிருக்கவில்லை. நண்பர் இரு நெடுஞ்சட்டங்களையும் கறையான் உண்டோ, ஈரம் உண்டோ என்று உளிமுனையாற் குத்திப் பார்த்தார். பின், முதிர்ந்த பலாமரத்தில் நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலச் சட்டங்களை அறுத்து, தரையிலிருந்து மேல் வளைவரை பழைய சட்டங்களோடு இணைத்து இரட்டித்தார். அவ்விரண்டுக்கும் இடையே, ஆறு அங்குல அகலமும் இரண்டு அங்குலத் தடிப்புமுள்ள பலாக்கட்டைகள் இரண்டைக் குறுக்கே நிறுத்தினார். ஒன்று, தொட்டியின் ஆணிகள் வரும் உயரத்தில். மற்றது, தொட்டியின் கீழண்டை சுவரிலே நெருக்கும் உயரத்தில். மேற்கட்டை இழுப்பைத் தாங்கும். கீழ்க்கட்டை அழுத்தத்தைத் தாங்கும். நெடுஞ்சட்டங்களைக் குடைந்து கட்டையைச் செருகினால் அவை மெலியுமாதலின் குடையவில்லை. ஒவ்வொரு முனையின் கீழும் சிறு ஆதாரக் கட்டை வைத்து, அதன்மேல் குறுக்குக் கட்டையை அமர்த்தித் திருகாணியால் இறுக்கினார். குறுக்குக் கட்டைகளின் முகம் மாபிள் ஒட்டிய தகட்டின் முதுகோடு இடைவெளியின்றிப் பொருந்துமாறு இழைத்தார். இடைவெளி இருப்பின் ஆணியை முடுக்கும்போது தகடு உட்குழிந்து வெடிக்கும். மரத்துக்குக் கறையான் மருந்து பூசி உலரவிட்டார்.

அப்பொழுது எமக்கு எம் இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. உருபும் பயனும் உடன்தொக்க தொகையை மாணவர்க்கு விளக்குகையில், கண்ணுக்குத் தெரியும் சொற்கள் இரண்டே. அவற்றைப் பொருந்த நிறுத்துவது இடையில் மறைந்திருப்பதே என்று ஆண்டுதோறும் கூறுவோம். மறைந்து நிற்றல் வேறு, இல்லாதிருத்தல் வேறு என்பதை எம் சுவர் எமக்குக் கற்பித்தது.

இடைவேளையிலே தேநீர் அருந்தும்போது, நண்பர் திடீரென, "எம்பக்கே போனது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். கல்லூரியிற் படித்த காலத்தில், 1995 இல், வகுப்போடு எம்பக்கே தேவாலயத்துக்குச் சுற்றுலாச் சென்றோம். கதிர்காமக் கடவுளுக்கு 14 ஆம் நூற்றாண்டிலே கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு எழுப்பியதாகக் கூறப்படும் கோயில் அது. அதன் மரத்தூண்களில் மல்லர்களும் அன்னங்களும் இருதலைப் பறவையும் செதுக்கப்பட்டிருக்கும். திரும்பிவந்து யாம் அத்தூண்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பரிசும் பெற்றோம். "நீங்க எல்லாரும் தூணையே பாத்தீங்க. நான் மேல பாத்தேன்" என்றார் நண்பர். அங்கே கூரையின் ஒரு முனையில், 26 கைமரங்கள் வந்து கூடுமிடத்தில், அவையனைத்தையும் ஒரே மர ஆப்பு பிணித்து நிற்கின்றது. 'மடொல் குருப்பாவ' என அதனைச் சிங்களத்தில் வழங்குவர். "அண்டைக்குத்தான் நான் தச்சு வேலை படிக்கிறதென்று நினைச்சன்" என்றார். ஒரே வாங்கில் இருந்த இருவர், ஒரே நாளிலே, ஒரே இடத்திலே, இரு வேறு பாடம் கற்றோம். அவர் கற்ற பாடத்துக்குக் கல்லூரியிலே பரிசு இருக்கவில்லை.

"பின்ன ஏன் அப்போ சொல்லவில்லை?" என்று கேட்டோம். "யார் கேட்டது மச்சான்?" என்றார். காலையிற் 'சேர்' என்றவர் மாலையில் 'மச்சான்' என்றார். எமக்குச் சாந்துக்கட்டுப் பிரித்தது போலிருந்தது.

மறுநாள் தொட்டியைப் பொருத்தினார். தாயாரை வரச்செய்து, கைகளை ஊன்றுவதுபோல நிறுத்தி, அவர் உயரத்துக்கேற்ப 78 சென்ரிமீற்றரில் விளிம்பு அமையுமாறு அளவெடுத்தார். முன்னர்ப் பொருத்தியபோது அவர் உயரத்தை எவரும் கேட்டதில்லை. நீர்மட்டம் வைத்துக் கோடு கீறி, மாபிளிலே துளையிட்டு, குறுக்குக் கட்டையில் ஆணியின் தடிப்பிலும் சிறிய துளையிட்டு, துருவேறாத 10 மில்லிமீற்றர் இருபுற மரையாணிகளை, மரத்துள் ஆழமாக இறங்குமாறு முடுக்கினார். தொட்டியை அதன்மேல் ஏற்றி, பீங்கானுக்கும் இரும்புக்கும் இடையே நைலோன் வாசர் வைத்து, மரைகளை இரு புறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினார். "இதுல பலத்தைக் காட்டக் கூடாது. அசையாதென்று தெரிஞ்சதும் விட்டுடவேணும். பீங்கான் சொல்லாமல் வெடிக்கும்" என்றார். கழிவுநீர்க் குழாயை இணைத்து, நீர் விட்டுக் கசிவு பார்த்து, தொட்டிக்கும் மாபிளுக்கும் இடையிலே சிலிக்கன் பசை இட்டு ஒருநாள் உலரவிட்டார். பசை நீர் புகாமைக்கேயன்றிப் பாரம் தாங்குதற்கன்று என்பதையும் வற்புறுத்தினார்.

இறுதியாக, யாம் கேளாத ஒன்றையும் செய்தார். தொட்டியின் வலப்பக்கத்திலே, அதே இரட்டைச் சட்டத்தில், உருக்குக் கைபிடியொன்றை நெடுக்காகப் பொருத்தினார். "தொட்டி எவ்வளவு பலமா இருந்தாலும் அது முகங்கழுவத்தான். சாய்ஞ்சு நிக்கிறதுக்கு வேற வேணும். அம்மாவுக்கு எது தேவையென்று பார்த்துத்தானே செய்யவேணும்" என்றார்.

பசை உலர்ந்தபின், தொட்டியின்மேற் பலகையிட்டு, 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை அதன்மேல் ஏற்றி இரவு முழுதும் விட்டுச் சென்றார். அதனைக் கண்ட தாயார், "குளிக்கிற அறையில யாரு தம்பி அரிசி வைப்பாங்க?" என்று சிரித்தார். வீழ்ந்த நாளுக்குப்பின் அவர் சிரிக்க யாம் கேட்டது அன்றுதான். சுவர் திறந்து கிடந்த இரு நாளும், அவர் தம் கட்டிலில் இருந்தவாறே ஒவ்வொரு கட்டை ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அப்பொழுதே யாம் கவனித்தோம். மறுநாட் காலையில் மூட்டைகளை இறக்கியதும், எவரும் அழைக்காமலே எழுந்து வந்தார். நண்பரைப்போலவே விரலை மடக்கிச் சுவரை ஒருமுறை தட்டினார். செவியைச் சாய்த்துக் கேட்டார். பின், கைபிடியை ஒரு கையாற் பற்றி, மறுகையைத் தொட்டியில் வைத்தார். "பலா" என்றார். அவ்வளவுதான்.

எம் அறிவுரையால் நீங்காத அச்சம், உள்ளே இருப்பதைக் கண்ணாற் கண்டபின் நீங்கியது. ஆசிரியத் தொழிலிலும் இஃது உண்மை. 'அஞ்சாதே, சரியாயிருக்கிறது' என்று மாணவனிடம் கூறுவதிற் பயனில்லை. ஒரு முறையாவது சுவரைத் திறந்து, எது எதைத் தாங்குகின்றது என்று அவனுக்குக் காட்டவேண்டும்.

கூலி பேசும் நேரம் வந்தது. யாம் தயங்கினோம். நண்பர் காகித அட்டையின் பின்புறத்திலே மரத்துக்கு இவ்வளவு, ஆணிக்கு இவ்வளவு, இரண்டரை நாட் கூலி இவ்வளவு என எழுதித் தந்தார். "கூடவும் தராதே, குறைக்கவும் சொல்லாதே மச்சான்" என்றார். அப்படியே கொடுத்தோம். எம் கூச்சம் எத்துணை வீணானது என்பது அந்த அட்டையைக் கையில் வாங்கியபோதே தெரிந்தது. உழைப்புக்கு உரிய விலையை நேராகப் பேசுதலும் நட்புக்குரிய மரியாதையே.

இனி, இதனை யூபிலி மலரிலே எழுதிய காரணத்தைக் கூறி முடிப்போம். இத்தகைய மலர்களிலே, பழைய மாணவருள் மருத்துவர் இத்தனை பேர், பொறியியலாளர் இத்தனை பேர், சட்டத்தரணிகள் இத்தனை பேர் என்று பட்டியல் வெளியிடுதல் மரபு. அது தக்கதே, அவர்களால் நாம் பெருமையுறுகின்றோம். அவர்கள் நம் சுவரின் முகத்திலே பதித்த மாபிள் போல்வர். ஆயின், சாதாரண தரத்தோடு நின்று, மரத்திலும் இரும்பிலும் குழாயிலும் கம்பியிலும் தொழில் பழகி, நாட்டின் வீடுகளை நிற்கச் செய்யும் பழைய மாணவர் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சங்கக் கூட்டத்துக்கும் அவர்கள் வருவதில்லை, யாரும் அழைப்பதுமில்லை. எம் நண்பரிடம் இம்மலர் குறித்துக் கூறியபோது, "நானும் பழைய மாணவனா மச்சான்?" என்று விளையாட்டாகவே கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறும் கடமை எமக்கு மட்டும் உரியதன்று. பழைய மாணவர் சங்கத்தார் அடுத்த கூட்டத்துக்கு முன் தத்தம் ஊரிலே ஒவ்வொரு கதவையேனும் தட்டிப் பார்த்தல் வேண்டுமென வேண்டுகின்றோம்.

இளைய மாணவர்க்கு ஒரு சொல். நல்ல நாள் நெருங்கிவிட்டது, வர்ணம் பூசியாயிற்று, பார்ப்பதற்கு அழகாயிருக்கிறது என்று எண்ணி, உள்ளே குறுக்குக் கட்டை இல்லாத எதனையும் முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். வேலையை அறிந்தவர் ஒருமுறை கேட்டால், அவர் தொழிலைப் பாராது செவிகொடுங்கள். அவர் மறுமுறை கேட்கமாட்டார்.

எம் தாயாருக்கு இப்பொழுது வயது 76. இன்றும் விடியற்காலையில் குளியலறையிலிருந்து முதலிற் கேட்பது நீரின் ஒலியன்று. சுவரை ஒருமுறை தட்டும் ஒலியே. அதன் பின்னரே குழாய் திறக்கும். அவ்வொலி கேட்டபின் யாம் எழுந்து, பாடசாலைக்குச் செல்ல ஆயத்தமாவோம்.